'ஐ ஆப்பிள் லைக்': கொரியப் பள்ளிக்கூடத்தில் நான் பெற்ற பயிற்சிகள்

2013 பெப்ரவரி கடைசி. கொரியாவில் பல்கலைக்கழகங்களுக்கு விடுமுறைக் காலம். மாணவர்கள் ஊருக்குப் போய்விட்ட ஒரு விடுதியில் எங்களைத் தங்கவைத்திருந்தார்கள். கனடா, அமெரிக்கா, இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஆளுக்கொரு கடவுச்சீட்டு. எல்லாருக்கும் ஒரே வேலை. மார்ச் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஏதோ ஓர் ஊரில் கொரியப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கவேண்டும். எங்களில் பலர் அதுவரை ஒரு வகுப்பறையில் ஆசிரியராக நின்றதே இல்லை. நானும் அப்படித்தான்.

இரண்டாம் நாள் காலை கொரிய மொழி வகுப்பு. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி உள்ளே வந்தார். ஒரு வணக்கம்கூட ஆங்கிலத்தில் சொல்லவில்லை. பையிலிருந்து பிளாஸ்டிக் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். ஆப்பிளைக் காட்டி "சாக்வா" என்றார். பேரிக்காயைக் காட்டி "பே" என்றார். நாங்களும் திருப்பிச் சொன்னோம். முதல் ஐந்து நிமிடம் ஒரே சிரிப்பு.

பிறகு கேள்விகள் தொடங்கின. பேரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்று நீளமாக ஏதோ கேட்டார். கடைசியில் குரல் மேலே போனதால் அது கேள்வி என்பது மட்டும் விளங்கியது. "நே" என்றேன். 'ஆம்' என்று அர்த்தம். எனக்குத் தெரிந்திருந்த ஒரே பதில் அதுதான். அவர் அடுத்தவரிடம் போகவில்லை. அதே கேள்வியைக் கொஞ்சம் மெதுவாக மறுபடி கேட்டார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். காதெல்லாம் சூடாகிவிட்டது.

அந்தச் சூடு எனக்கு ஏற்கெனவே பழக்கமானது. 1996 ஜனவரியில் யாழ்ப்பாணத்தை விட்டு ஸ்காபரோ வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பில் ஜன்னலோரக் கதிரை. ஆசிரியை என்ன கேட்டாலும் "யெஸ்" என்பேன். ஒருநாள் அவர், உன் கோட் எங்கே என்று கேட்டிருக்கிறார். அதற்கும் "யெஸ்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. தன்னுடைய கோட்டை எடுத்துவந்து காட்டி, பிறகு அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு, வெறும் கையை விரித்தபடி "வேர்?" என்றார். 'எங்கே' என்பதற்கான ஆங்கிலச் சொல் எனக்குள் இறங்கியது அன்றைக்குத்தான்.

இந்த நினைவு பதினேழு வருடமாக எனக்கு வரவே இல்லை. பிறந்ததிலிருந்தே ஆங்கிலம் பேசியவள்போல ஆகியிருந்தேன். அந்தக் கொரிய வகுப்பு நாற்பது நிமிடம்தான். ஒரு வாரத்துக்கு மேல் நீடித்த அந்த அறிமுகப் பயிற்சியில் எனக்கு வேறெதுவும் இவ்வளவு உதவவில்லை.

பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளுக்கு எடுக்கும் 'எபிக்' என்ற திட்டத்தைக் கொரிய அரசு 1995-இல் தொடங்கியது. 1997-இலிருந்து தொடக்கப் பள்ளி மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் கட்டாயப் பாடமாகிவிட்டது. வெளியிலிருந்து வருகிறவரின் பதவி உதவி ஆசிரியர். கொரிய ஆசிரியர் ஒருவர் வகுப்பில் கூடவே இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. வாரத்துக்கு 22 பாடவேளை வரை கற்பிக்கவேண்டும். தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 40 நிமிடம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஏழு நாடுகளின் குடிமக்களைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். என்னைப்போல இடையில் குடியேறியவர்கள், ஏழாம் வகுப்பிலிருந்தாவது அந்த நாட்டில் ஆங்கிலத்தில் படித்திருக்கவேண்டும். இந்தியாவும் கொரியாவும் செய்துகொண்ட பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் 2010 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றிதழும் உள்ள இந்தியர்களை ஆங்கில உதவி ஆசிரியராக எடுக்க அதில் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆசிரியப் பயிற்சி முடித்தவர்களில் பலருக்கு இது தெரியாது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சரி, அறிமுகப் பயிற்சிக்கு வருகிறேன். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை அமர்வுகள். இடையில் ஒருநாள் இரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே என்று மருத்துவப் பரிசோதனை. கடைசிப் பகுதியில் மாதிரி வகுப்பு. சில பேராகச் சேர்ந்து பதினைந்து நிமிடம் பாடம் நடத்தவேண்டும். மற்றவர்கள் கொரியப் பிள்ளைகளாக நடிப்பார்கள். எங்கள் குழுவில் ஐந்து பேர். முதல்நாள் நள்ளிரவு தாண்டி உட்கார்ந்து ஒரு விளையாட்டைத் தயாரித்தோம். அட்டை வெட்டினோம், வண்ணம் தீட்டினோம். மறுநாள் அந்த விளையாட்டின் விதிகளை விளக்கவே ஒன்பது நிமிடம் போய்விட்டது. பின்வரிசையில் இருந்து கவனித்த கொரிய ஆசிரியை ஒருவர் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒரு பிள்ளை எத்தனை ஆங்கில வாக்கியம் பேசியிருக்கும்?" எண்ணிப் பார்த்தோம். இரண்டு.

அந்தக் கேள்வியை இன்றுவரை என் பாடத்திட்டத்தின் மேல்மூலையில் எழுதிவைக்கிறேன். அதற்குப் பிறகு எந்த விளையாட்டையும் நான் வாயால் விளக்கியதில்லை. ஒரு பிள்ளையை முன்னால் கூப்பிட்டு, அவனோடு ஒருமுறை ஆடிக்காட்டிவிடுவேன். "விளங்கியதா?" என்றும் கேட்பதில்லை. ஏன் என்றால், நானே அதற்கு எத்தனையோ தடவை "யெஸ்" சொன்னவள். "முதலில் யார்? எத்தனை அட்டை?" என்று கேட்டால் விளங்கியதா இல்லையா என்பது தானாகத் தெரிந்துவிடும். அணி பிரிப்பது, யார் முதலில் என்பது எல்லாவற்றையும் கொரியப் பிள்ளைகள் 'காவி பாவி போ' போட்டு முடிவுசெய்வார்கள். கத்தரிக்கோல், கல், காகிதம் என்று நாம் கைநீட்டி ஆடும் அதே ஆட்டம். அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதை எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. முடிந்தால் உங்கள் பள்ளிக்கூடம் எந்தப் பதிப்பகத்தின் ஆங்கில நூலைப் பயன்படுத்துகிறது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அரசு ஏற்றுக்கொண்ட நூல்கள் பல இருக்கின்றன. பள்ளிக்குப் பள்ளி மாறும். மாதிரி வகுப்புக்கு அந்த நூலிலிருந்தே ஒரு பக்கத்தை எடுத்தால் மார்ச் முதல் வாரம் நிம்மதியாகத் தூக்கம் வரும். நாங்கள் எங்கள் விருப்பத்துக்கு 'விண்வெளி' என்று ஒரு தலைப்பை எடுத்தோம். அந்த அட்டைகளை நான் பிறகு தொட்டதே இல்லை.

கடைசி நாள் ஒவ்வொரு மாகாணத்துக்கும் பஸ் வந்தது. நான் தென் சுங்சொங் மாகாணத்துக்கு. மேற்குக் கரையோரத்தில் ஒரு சிறிய மாவட்டம், மூன்று தொடக்கப் பள்ளிகள். திங்கள், செவ்வாய், புதன் ஒரு பள்ளி. மற்ற இரண்டுக்கும் ஒவ்வொரு நாள். என் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு இணை ஆசிரியை நின்றார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். காரில் ஒரு மணி நேரம் போனோம். அவர் ஆறேழு வாக்கியம் பேசியிருப்பார். ஆங்கிலம் தெரியாமல் இல்லை, என் முன்னால் பேசக் கூச்சம். இது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

கொரியாவில் சக ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'சொன்செங்னிம்' என்பார்கள். யாழ்ப்பாணத்தில் "ரீச்சர்" என்று கூப்பிடுவோமே, அதே மரியாதை, அதே நெருக்கம். எங்கள் குழுவில் வந்த பலர் இணை ஆசிரியரை முதல் நாளே பெயர் சொல்லி அழைத்துவிட்டு, ஏன் முகம் வாடியது என்று தெரியாமல் தவித்தார்கள். இரண்டு கையாலும் பொருளைக் கொடுப்பது, பள்ளிக்குள் நுழைந்ததும் செருப்பு மாற்றுவது, மூத்தவர் சாப்பிடத் தொடங்கும்வரை பொறுப்பது இவையெல்லாம் எங்கள் வீட்டிலும் உள்ள பழக்கங்கள்தாம். எனக்குச் சிரமமாக இல்லை.

சிரமம் வகுப்பில் இருந்தது. நான் பேசிவிட்டு நிறுத்துவேன். இருபத்தாறு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி இணை ஆசிரியையைப் பார்ப்பார்கள். அவர் கொரிய மொழியில் சொல்வார். அதன் பிறகு நான் ஆங்கிலத்தில் என்ன சொன்னாலும் யாரும் கேட்கத் தேவையில்லை, எப்படியும் மொழிபெயர்ப்பு வரும். சில நாள் அவர் ஒன்றும் சொல்லாமல் பின்னால் நிற்பார். அன்றைக்கு வகுப்பு அப்படியே படுத்துவிடும். ஒரு பருவம் முழுவதும் இப்படிப் போனது. அவர்மேல் எனக்குக் கோபம். அவருக்கு என்மேல் என்ன என்று நான் கேட்கவில்லை.

அந்த வருட நடுவில் நடந்த பயிற்சிப் பட்டறைகளில் ஒன்றுக்குப் போனேன். கொரிய மொழியில் இதை 'யொன்சு' என்பார்கள். காலை முழுவதும் வரவேற்புரைகள். பிறகு பதாகையின் முன்னால் எல்லாரும் நின்று, கையை முஷ்டியாக்கி உயர்த்தி "பைட்டிங்!" என்று கத்திப் படம் எடுத்துக்கொண்டோம். ஆங்கிலத்தின் 'ஃபைட்டிங்'தான், உற்சாகமூட்டக் கொரியர்கள் கத்துவது. மதியத்துக்குப் பிறகு தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாரையும் ஒரே மண்டபத்தில் உட்காரவைத்து, ஒருவர் உயர்நிலை மாணவருக்கான கட்டுரைப் பயிற்சி பற்றிப் பேசினார். எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுத்து அறிமுகம் செய்கிற எனக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஒருநாள் வகுப்பை மாற்றிவைத்துவிட்டு, அதிகாலை பஸ் பிடித்து வந்திருந்தோம். எனக்கு வருத்தமாக இருந்தது. எங்கள் நேரத்தை நினைத்து மட்டும் இல்லை, பிள்ளைகள் இழந்த பாடவேளைகளை நினைத்தும்தான்.

பட்டறை நடத்துகிறவர்களிடம் அன்றிலிருந்து நான் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன்: வகுப்பு நிலைவாரியாகப் பிரியுங்கள், இணை ஆசிரியரையும் வெளிநாட்டு ஆசிரியரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவையுங்கள். தனித்தனியே கூப்பிட்டுத் தனித்தனியே அறிவுரை சொல்வதில் பயனில்லை. வகுப்பறையில் இரண்டு பேர் நிற்கிறார்கள் அல்லவா?

அதை ஒருமுறை செய்தும் பார்த்தார்கள். இரண்டாம் வருடம், ஒரு சிறிய மாவட்ட அளவிலான பட்டறை. பேச்சாளர் இல்லை. ஜோடி ஜோடியாக உட்காரச் சொல்லி, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் வெளிநாட்டு ஆசிரியர், வலப்பக்கம் கொரிய ஆசிரியர். மேலிருந்து கீழாக ஐந்து ஐந்து நிமிடமாகக் கட்டங்கள், மொத்தம் எட்டு. போன வாரம் நீங்கள் நடத்திய ஒரு வகுப்பை நிரப்புங்கள் என்றார்கள். என் பக்கம் மளமளவென்று நிரம்பியது. வலப்பக்கத்தில் எட்டில் ஐந்து கட்டம் வெறுமை. அவர் பென்சிலைக் கையில் பிடித்தபடி அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, பேசவில்லை, தாளின் ஓரத்தில் ஆங்கிலத்தில் எழுதினார்: நீங்கள் பேசி நிறுத்தும்போது நான் மொழிபெயர்க்கவேண்டுமா கூடாதா என்று எனக்கு ஒருபோதும் தெரிவதில்லை.

ஒன்றரை வருடம் ஒரே வகுப்பில் நின்றிருக்கிறோம். இதை அவர் ஒருமுறையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்து ஓர் ஏற்பாடு செய்தோம். நான் என் காதைத் தொட்டால் அவர் மொழிபெயர்க்கவேண்டும். தொடாவிட்டால் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை இருவரும் பேசாமல் இருக்கவேண்டும். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தால் அவரும் விளங்காதவர்போலத் தலையைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்க்கவேண்டும். இந்தக் கடைசி யோசனை அவருடையது. அடுத்த திங்கட்கிழமை மூன்றாம் வகுப்பில் அவர் அப்படித் தலையைச் சொறிந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் எழுந்து, தன் ஆசிரியைக்கு உதவ நினைத்து, நான் சொன்னதைக் கைச்சைகையில் அவருக்கு விளக்கத் தொடங்கினாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வலப்பக்கக் கட்டங்கள் அதற்குப் பிறகு வெறுமையாக இருந்ததில்லை. எந்தப் பெரிய முறையும் தேவைப்படவில்லை. ஒரு தாள், நடுவில் ஒரு கோடு, அரை மணி நேரம். வாரம் பத்து நிமிடம் அந்தத் தாளோடு உட்காருவதை நாங்கள் கடைசிவரை விடவில்லை.

அதே வருடம் மாகாணப் பட்டறையில் பேசும்படி என்னையும் கேட்டார்கள். முதல்முறை மோசமாகப் போனது. விளையாட்டுகளைப் பற்றி அறுபது ஸ்லைட். நான் எடுத்துப்போன எழுத்துரு அங்கிருந்த கணினியில் இல்லாததால் சொற்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த நேரம் வேறு. என்மேல் மரியாதை வைத்து விழித்திருந்தவர்களின் முகங்கள் இப்போதும் நினைவில் இருக்கின்றன. பட்டறையில் பேசப்போகிறவர்களுக்கு அதிலிருந்து சொல்வது: ஸ்லைட்டை பி.டி.எஃப். ஆக ஒரு பிரதி வைத்திருங்கள். கொரிய அலுவலகங்களில் அவர்களுடைய சொந்த மென்பொருளான 'ஹங்குல்' கோப்புகள்தான் புழக்கம், அதையும் திறந்து பார்க்கப் பழகுங்கள். வருகிறவர்களில் தொடக்கப் பள்ளியினர் எத்தனை பேர் என்று முன்கூட்டியே கேளுங்கள். இருபது விளையாட்டைப் பட்டியல் போடவேண்டாம். ஒன்றை எல்லாரையும் ஆடவையுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் நேரம் என்றால் முதல் நிமிடமே அவர்களை எழுந்து நிற்கவையுங்கள்.

மூன்றாம் வருடம் நவம்பரில் மறுபடி அழைத்தார்கள். பொரியொங் நகரத்துத் தேச்சொன் கடற்கரையோரம் ஒரு தங்குமிடத்தில் இரண்டு நாள் பட்டறை. ஜூலையில் சேற்றுத் திருவிழாவுக்கு அங்கே கூட்டம் அள்ளும். நவம்பரில் காற்று மட்டும்தான். இந்தமுறை கணினியைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். வழியில் கடையில் வாழைப்பழம், தோடம்பழம், விலை கூடிய ஒரு மாம்பழம் மூன்றும் வாங்கினேன். எண்பது பேர் வரை இருந்தார்கள், பாதி வெளிநாட்டினர், பாதி கொரியர். மேடைக்குப் போகாமல் நடுவில் வந்து நின்று, "வணக்கம். எழும்புங்கோ" என்றேன்.

அடுத்த இருபது நிமிடம் தமிழைத் தவிர ஒரு சொல் பேசவில்லை.

கையை உயர்த்தி "எழும்புங்கோ", தாழ்த்தி "இருங்கோ". நாலைந்து முறை செய்ததும் எல்லாருக்கும் பிடிபட்டது. பிறகு வாழைப்பழத்தை உயர்த்திப் பெயர் சொன்னேன். 'ழ' இரு பாதிக்கும் வரவில்லை. அதை நான் திருத்தவில்லை. அதன் பிறகு வாக்கியம். மாம்பழத்தை முகர்ந்து கண்ணை மூடிக்கொண்டு "எனக்கு மாம்பழம் பிடிக்கும்." தோடம்பழத்தைத் தள்ளிவைத்து "எனக்குத் தோடம்பழம் பிடிக்காது." பத்து முறை கேட்கவைத்துவிட்டு, மூன்று சொல்லையும் தனித்தனித் தாளில் படமாக வரைந்து கொடுத்து அடுக்கச் சொன்னேன்: ஒரு ஆள், ஒரு பழம், ஓர் இதயம்.

கொரிய ஆசிரியர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் ஆள், பழம், இதயம் என்று வைத்தார்கள். ஆங்கிலக்காரர்களில் பெரும்பாலானவர்கள் ஆள், இதயம், பழம் என்று வைத்தார்கள். பத்து முறை காதால் கேட்ட பிறகும் கை தன் மொழியின் வரிசைக்கே போனது. தமிழிலும் கொரிய மொழியிலும் வினைச்சொல் கடைசியில் வருகிறது. அவர்களுக்கு அது புதிதாகவே இல்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒருவர், என்னைவிட அனுபவம் உள்ளவர், தன் தாள்களைக் குனிந்து பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "என் பிள்ளைகள் 'ஐ ஆப்பிள் லைக்' என்கிறார்கள். மூன்று வருடமாகச் சிவப்பு மையில் வெட்டிக்கொண்டிருக்கிறேன்."

"பிடிக்குமா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கச் சொன்னபோது இன்னொன்று வெளியே வந்தது. தமிழில் ஓர் 'ஆ' சேர்த்தால் கேள்வி. கொரிய மொழியில் பேச்சில் குரலை உயர்த்தினாலே போதும். ஆங்கிலத்தில் மட்டும் முன்னால் ஒரு 'டூ' வந்து நிற்கவேண்டும், அதற்குத் தனியாக அர்த்தமும் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதை விட்டுவிடுவது சோம்பலால் இல்லை. அந்த இடத்தில் ஏதாவது வரவேண்டும் என்ற எண்ணமே அவர்களுடைய மொழியில் கிடையாது.

பிறகுதான் ஆங்கிலத்துக்கு மாறி ஒலிகளைப் பற்றிப் பேசினேன். இது தமிழர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டியது, ஏனென்றால் இந்த விஷயத்தில் நம் காது ஏற்கெனவே பழகியிருக்கிறது. 'பட்டம்' என்பதில் ஒரு 'ட', 'படம்' என்பதில் வேறு 'ட'. ஒரே எழுத்து, வரும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறுகிறது. கொரிய எழுத்திலும் சாதாரண க, ப, த வரிசை அப்படித்தான். சொல்லின் முதலில் ஒரு மாதிரி, இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் வேறு மாதிரி. பூசான் நகரத்தின் பெயரை ஆங்கிலத்தில் முன்பு 'P' என்ற எழுத்தில் தொடங்கினார்கள். 2000-இல் ரோமன் எழுத்து முறையைத் திருத்தியபோது அது 'B' ஆனது. தமிழில் எழுதினால் இரண்டுமே 'பூ' தான். 'எஃப்' ஒலி அவர்களிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை. அதனால்தான் அந்த 'பைட்டிங்'. சொல்லின் கடைசியில் சில மெய்யொலிகள் வந்து நின்றால் ஓர் உயிரை ஒட்டிவிடுவார்கள்: 'சான்ட்விச்' அங்கே 'செந்துவிச்சி'. என் அம்மம்மா கடைசிவரை 'கேக்கு' என்றுதான் சொன்னார். கொரியர்கள் காப்பியைச் சொல்வது யாழ்ப்பாணத்துக் 'கோப்பி'யை ஒட்டி இருக்கும். முதல்முறை கேட்டபோது யாரோ ஊர்க்காரர் என்று திரும்பிப் பார்த்தேன். இதையெல்லாம் 'தவறான உச்சரிப்பு' என்று எழுதிவைத்துத் திருத்துவதைவிட, எந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு, ஒரு வாரத்துக்கு ஒன்றை எடுத்துப் பழக்கினால் பலன் இருக்கிறது. நான் 'எஃப்' ஒன்றுக்கே இரண்டு வாரம் செலவழித்தேன். மேற்பல்லால் கீழுதட்டைத் தொட்டபடி கண்ணாடி பார்க்கச் சொல்வேன்.

பொதுப் பார்வைக்கான வகுப்பு பற்றியும் ஒரு வார்த்தை. வருடத்தில் ஒரு முறையாவது தலைமையாசிரியர், மற்ற ஆசிரியர்கள், சில இடங்களில் பெற்றோர் எல்லாரும் மதிப்பீட்டுத் தாளோடு வந்து பின்னால் நிற்பார்கள். பயிற்சிகளில் இதற்கு ஏராளமான ஆலோசனை தருவார்கள். நான் ஒன்றைத்தான் வற்புறுத்துவேன். அதே பாடத்தைப் பிள்ளைகளோடு முன்கூட்டியே ஒத்திகை பார்க்காதீர்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் அப்படி மூன்று முறை ஒத்திகை பார்க்கவைத்தார்கள். நான் கேட்குமுன்பே பிள்ளைகள் பதில் சொன்னார்கள். பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்தப் பிள்ளைகளை ஒரு நாடகத்துக்குப் பயன்படுத்திக்கொண்டோம் என்ற எண்ணம் எனக்கு நீண்ட நாள் போகவில்லை.

2016 இலையுதிர் காலத்தில், நான் திரும்பிப் போவதற்குச் சில மாதம் முன், நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பட்டறையில் பேசினோம். இணை ஆசிரியை முதலில் மாட்டேன் என்றார். பிறகு ஒரு வாரம் கழித்து, பன்னிரண்டு நிமிடம் மட்டும் என்று ஒப்புக்கொண்டார். கோடு போட்ட அந்தத் தாளைப் பற்றி அவர்தான் பேசவேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அதன் நல்ல பகுதிகள் எல்லாம் அவர் யோசனைகள்தாம். சிறிய அட்டைகளில் எழுதிக்கொண்டு வந்தார். 'எஃப்' வரும் சொற்களின் மேலெல்லாம் சிவப்பில் ஒரு புள்ளி. எண்பது பேர் முன்னால் ஆங்கிலத்தில் தொடங்கினார். முதல் அட்டையில் குரல் நடுங்கியது. மூன்றாவது அட்டைக்குப் பிறகு அட்டைகளைப் பார்க்கவில்லை. தலையைச் சொறியும் கதையை அவர் நடித்துக்காட்டியபோது கொரிய ஆசிரியர்கள் பக்கமிருந்து சத்தமாகச் சிரிப்பு எழுந்தது. கேள்வி நேரத்தில் முதல் நான்கு கேள்விகளும் அவருக்கு. நான் ஓரமாக நின்று மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திரும்பும்போது காரில் அவர் என்னிடம் "சுகோ ஹாசொச்சொயோ" என்றார். வேலை முடிந்ததும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. பாடுபட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். தமிழில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். யோசித்தேன். அப்படியே சரியாகப் பொருந்துகிற சொல் நினைவுக்கு வரவில்லை. வேலைவிட்டு யார் வீட்டுக்குள் வந்தாலும் என் அம்மா வாசலிலேயே சொல்வதைச் சொன்னேன்: "களைச்சுப் போனீங்கள்." அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதைத் திரும்பச் சொன்னார். 'ள்' வரவில்லை. மறுபடி சொன்னார். நெடுஞ்சாலை ஓய்விடம் வரும்வரை, ஏழெட்டு முறை இருக்கும், சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கியதும் கடைக்காரரிடம் இரண்டு கோப்பி கேட்டார்.